நடுவில் ஒரு சொல்

வங்கியில் காசு கட்டிய துண்டுகளை நான் எறிவதில்லை. அப்பா கச்சேரியில் கிளாக்கராக இருந்த மனிதர், எந்தக் கடதாசியையும் பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு மூடி வைப்பார், அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. 2024 ஜூன் மாதம், எங்கள் ஜூஸ் கடை வழக்கில் எதிராளிக் கம்பனி போட்ட மறுமொழியின் பிரதியை லோயர் என் கையில் தந்து, "வீட்ட போய் ஆறுதலா வாசியுங்கோ, வாசிச்சிட்டு உங்கட அந்த ரின்னைத் திறந்து பாருங்கோ" என்று அனுப்பினார். அன்றிரவு நானும் மனைவியும் அத்தனை துண்டுகளையும் விறாந்தைத் தரையில் மாதவாரியாகப் பரப்பினோம். காசு யாருக்கு என்ற இடத்தில் 2018 டிசம்பர் வரை ஒரு பெயர். 2019 ஜனவரியிலிருந்தும் அதே பெயர்தான், ஆனால் நடுவில் ஒரு சொல் கூடியிருந்தது. கணக்கு இலக்கமும் வேறு. எல்லாம் என் கையெழுத்து. மூன்றரை வருடம், மாதாமாதம், அந்தச் சொல்லையும் சேர்த்து நானேதான் எழுதியிருக்கிறேன், ஒரு நாளும் ஏன் என்று கேட்கவில்லை.

வழக்கு இன்னும் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கிறது, அதனால் பிராண்டின் பெயரோ ஆட்களின் பெயரோ இங்கே வராது. ஊர்க்காரர் சிலருக்கு எந்தக் கடை என்று உடனே விளங்கும். விளங்கினால் மனதோடு வைத்திருங்கள். நான் எழுத வந்தது எதிராளிகளைச் சேர்த்த கதையை மட்டும்தான், ஏனென்றால் வழக்குப் போட்ட நேரத்தில் அப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. ஏமாற்றினவன் மேல் வழக்கு, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

கடையைப் பற்றிக் கொஞ்சம். திருகோணமலைக் கடற்கரையான டச்சு பேயில் பின்னேரம் காற்று வாங்க வரும் குடும்பங்களை நம்பித் தொடங்கியது. ஜூஸ், ஐஸ்கிரீம், ஃபலூடா. பெயரும் போர்டும் கலரும் அவர்களுடையவை, கடையும் வாடகையும் வேலைப் பிள்ளைகளும் எங்களுடையவை. இதற்குத்தான் பிரான்சைஸ் என்று பெயர். விற்பனையில் நூற்றுக்கு 6 மாதாமாதம் ரோயல்டி என்று அவர்களுக்குக் கட்ட வேண்டும், அதற்கு மேல் சிரப், கப், ஸ்ட்ரோ எல்லாம் அவர்கள் சொல்லும் இடத்தில்தான் வாங்க வேண்டும். 2018 ஜனவரியில் கம்பனி டிரெக்டரே கொழும்பிலிருந்து வந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மனைவி சுட்ட உளுந்து வடையில் எட்டுச் சாப்பிட்டார். (கணக்கு வைத்திருப்பது நான் இல்லை, அவள்.) பின்னேரம் அவரைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்று, "ரிங்கோ டவுன் உங்கட, உப்புவெளி உங்கட, வேற ஒருத்தரையும் நாங்க இங்க விடமாட்டோம்" என்றார். ஒப்பந்தத்தின் அட்டவணையிலும் அந்த இரண்டு இடமும், திருகோணமலை டவுனும் பக்கத்துக் கடற்கரையான உப்புவெளியும், எழுதியிருந்தது. அதுதான் எங்களைக் கையெழுத்துப் போட வைத்தது. உப்புவெளியில் மே தொடங்கி செப்டெம்பர் வரை வரும் வெள்ளைக்காரருக்காக இரண்டாவது வருடம் அங்கே ஒரு சின்னக் கிளை போடலாம் என்று நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம்.

2019 மார்ச் 16 அன்று உப்புவெளியில் அதே போர்டு, அதே கலர், அதே மெனுவோடு ஒரு கடை திறந்தது. எங்களுடையது இல்லை.

போன் எடுத்தேன், கடிதம் எழுதினேன், "பேசித் தீர்ப்போம்" என்றார்கள். ஐந்து கிழமையில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு. அதற்குப் பிறகு உப்புவெளியிலும் ஆளில்லை, டவுனிலும் ஆளில்லை, எந்தக் கடை யாருடைய எல்லைக்குள் இருக்கிறது என்று சண்டை பிடிக்கவே வெட்கமாக இருந்தது. பிறகு கொரோனா. பிறகு 2022, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, ஐஸ்கிரீம் கடைக்காரனுக்கு அது என்ன என்று விளக்கத் தேவையில்லை. டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போன அந்த இரண்டு மாதத்தில் சிரப் விலை மூன்று தடவை ஏறியது. ஓகஸ்டில் மூடினோம். வைப்புப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது மூன்று மாத ரோயல்டி பாக்கி என்று கணக்குக் காட்டினார்கள். அப்போதுதான் மனைவி, "இனியும் பேசித் தீர்க்கப் போறீங்களோ?" என்று கேட்டாள். வழக்குப் போடுவது எங்கள் குடும்பத்தில் காணி விஷயத்துக்கு மட்டும்தான், அதுவும் அண்ணன் தம்பிக்குள். கம்பனி ஒன்றோடு கோடேறியது நாங்கள்தான் முதல். 2023 நவம்பரில் முறைப்பாடு போட்டோம், ஒரே ஒரு எதிராளி: ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கம்பனி.

அந்தக் கம்பனியின் மறுமொழிதான் மேலே சொன்ன ஜூன் மாதக் கடதாசி. பதினாறு பக்கம், சாரம் மூன்று வரி. 2018 டிசம்பர் 31 அன்று இந்த வியாபாரம் முழுவதையும் வேறொரு கம்பனிக்குக் கைமாற்றிவிட்டோம். உப்புவெளிக் கடைக்கு அனுமதி கொடுத்தது அந்தக் கம்பனி, நாங்கள் இல்லை. வழக்காளிக்கு இது தெரியும், ஏனென்றால் 2019 ஜனவரியிலிருந்து அவர் ரோயல்டி கட்டியதே அந்தக் கம்பனிக்குத்தான், ஆகவே வழக்கைத் தள்ள வேண்டும்.

வாசித்தபோது வயிற்றைப் பிசைந்தது. வாட்ஸ்அப்பில் "கணக்கு இலக்கம் மாறியிருக்கு, இனி இதில போடுங்கோ" என்று ஒரு செய்தி வந்தது ஞாபகம் இருந்தது, அதற்கு நான் கட்டைவிரல் படம் அனுப்பியதும் ஞாபகம் இருந்தது.

எங்கள் லோயரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வயதில் எனக்கு இளையவர், ஆனால் கறுப்புக் கோட்டுப் போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராது. அவர் என்னை அண்ணை என்பார். அடுத்த நாள் அவர் சொன்ன விளக்கம் இன்னும் அப்படியே நினைவிருக்கிறது, ஏனென்றால் அதில் டச்சுக்காரர் வந்தார்கள். 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து இந்தக் கோட்டையைப் பிடித்தவர்கள் எங்களுக்கு டச்சு பே என்ற பெயரை மட்டும் விட்டுப் போகவில்லை, இலங்கையில் ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படை இன்றைக்கும் ரோமன் டச்சுச் சட்டம்தான். அதில் ஒரு விதி. எனக்கு வர வேண்டிய கடனை வாங்கும் உரிமையை நான் யாருக்கும் எழுதிக் கொடுக்கலாம், கடன்காரனைக் கேட்கத் தேவையில்லை. ஆனால் நான் கொடுக்க வேண்டிய கடனை இன்னொருவன் தலையில் கட்டிவிட்டுப் போவதென்றால் கடன் தந்தவனின் சம்மதம் வேண்டும். ரோயல்டி வாங்குவது உரிமை, அதை அவர்கள் கைமாற்றலாம். எங்கள் எல்லைக்குள் வேறு கடை விடமாட்டோம் என்பது கடமை, அதைக் கைமாற்ற எங்கள் சம்மதம் வேண்டும்.

"அப்ப அவை தப்ப ஏலாதுதானே?" என்றேன்.

"ஏலாது. ஆனா நீங்கள் மூண்டரை வருசம் புதுக் கம்பனிக்குக் காசு கட்டியிருக்கிறீங்கள். அதையே சம்மதம் எண்டு சொல்லப் போயினம்."

இதுதான் பொறி. பழைய கம்பனி மேல் மட்டும் வழக்கை வைத்திருந்து, நான் சம்மதித்தேன் என்று நீதிபதி கண்டால், வெறுங்கை. அதை விட்டுவிட்டுப் புதிய கம்பனி மேல் புதிதாகப் போட்டு, சம்மதம் இல்லை, கடமை பழைய கம்பனியிடம்தான் என்று நீதிபதி கண்டால், அங்கேயும் வெறுங்கை. இரண்டு வழக்கில் இரண்டு நீதிபதி இரண்டு விதமாகச் சொல்லி, இரண்டிலும் தோற்க வழி இருக்கிறது. ஆகவே இரண்டு பேரும் ஒரே வழக்கில், ஒரே மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 14ஆம் பிரிவு, ஒரே வழக்குக் காரணத்துக்காக எதிராளிகளைச் சேர்ந்தோ தனித்தனியாகவோ, இவர் இல்லாவிட்டால் அவர் என்று மாற்றாகவோ இழுக்கலாம் என்கிறது. போட்ட பிறகு ஞானம் வந்தவர்களுக்கு 18ஆம் பிரிவு. பிரச்சினை முழுவதையும் தீர்க்க ஒருவர் நீதிமன்றத்துக்கு முன் இருப்பது அவசியம் என்றால் அவரை எந்த நேரத்திலும் சேர்க்கலாம், யாரும் கேட்காவிட்டால்கூட நீதிமன்றம் தானாகவே சேர்க்கலாம். இடையில் 17ஆம் பிரிவு எங்களைப் போன்றவர்களுக்கென்றே எழுதியது போல இருக்கும்: ஆளைச் சேர்க்காமல் விட்டதற்காகவோ தேவையில்லாதவரைச் சேர்த்ததற்காகவோ மட்டும் ஒரு வழக்குத் தோற்காது. அதாவது "தள்ள வேண்டும்" என்ற அவர்களுடைய கடைசி வரி அந்தக் காரணத்துக்காக எடுபடாது. அன்றிரவு கொஞ்சம் நித்திரை வந்தது.

ஆனால் ஒருவரைச் சேர்க்கலாம் என்று தெரிந்தவுடன் மனித மனம் செய்யும் வேலை இருக்கிறதே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஆறு பெயர் எழுதிவிட்டேன். புதிய கம்பனி. எட்டு வடை சாப்பிட்ட டிரெக்டர். சிரப் விற்ற கம்பனி. வெளிநாட்டில் இருக்கும் பிராண்டின் சொந்தக்காரர். கிழக்கு மாகாணத்துக்கு மனேஜர் என்று வந்து போன பெடியன். ஆறாவதாக, கொஞ்சம் அழுத்தி, உப்புவெளிக் கடைக்காரன்.

அக்கா அந்தத் தாளை வாங்கி மேசையில் வைத்து, பேனையை எடுத்து, சந்தைக்குப் போகிறவர் சாமான் பட்டியலில் விலை கூடியதை வெட்டுவது போல வெட்டத் தொடங்கினார். மனேஜர் பெடியன் சம்பளத்துக்கு வேலை செய்தவன், வெட்டு. சிரப் கம்பனியோடு எங்களுக்கு இருப்பது விலைப் பிரச்சினை, எல்லைப் பிரச்சினை இல்லை. அது வேறு வழக்குக் காரணம், இதற்குள் செருகினால் அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டே ஒரு வருடம் இழுப்பார்கள், வெட்டு. வெளிநாட்டுச் சொந்தக்காரர் எங்களோடு ஒன்றிலும் கையெழுத்துப் போடவில்லை, வெளிநாட்டுக்கு அழைப்பாணை அனுப்ப நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும், அனுப்பினாலும் போய்ச் சேருமா என்பது கடவுளுக்குத்தான் தெரியும். அதுவும் வெட்டு.

டிரெக்டரில்தான் நான் மல்லுக்கு நின்றேன். கடற்கரையில் நின்று வாக்குத் தந்தது அந்த ஆள், கம்பனி இல்லை. கம்பனிக்கு வாயும் இல்லை, வடை தின்னும் வயிறும் இல்லை. அக்கா சிரித்துவிட்டு, அதற்குத்தான் கம்பனி என்றார். 1896இல் லண்டனில் ஒரு சப்பாத்து வியாபாரியின் வழக்கில், அன்றைக்கு அங்கே கடைசி நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்ன கதை, சலமன் வழக்கு. கம்பனியில் ஏறக்குறைய எல்லாப் பங்கும் ஒரே ஆளிடம் இருந்தாலும் கம்பனி வேறு, ஆள் வேறு. எங்கள் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமும் அதே அடியில்தான் நிற்கிறது. கம்பனிக்காகக் கையெழுத்துப் போட்ட டிரெக்டர் அந்த ஒப்பந்தத்துக்குத் தன் சொந்தப் பையிலிருந்து பதில் சொல்லத் தேவையில்லை. அவரே வேண்டுமென்று பொய் சொல்லி ஏமாற்றினார் என்றால் அது ஒப்பந்தம் இல்லை, தீங்கியல், அதாவது ஒருவர் செய்த தீங்குக்கு நட்டஈடு கேட்கும் சட்டம், அந்த வழியில் ஆளைப் பிடிக்கலாம். ஆனால் அதற்குக் கால எல்லை இரண்டு வருடம். பொய் என்று எப்போது தெரிய வந்தது என்பார்கள், 2019இல் என்று என்னுடைய கடிதமே சொல்கிறது. சாட்சிக்கு யார், உங்கள் மனைவியும் கடலும்.

வெட்டினார். எனக்கு இன்றைக்கும் அதில் மனம் ஆறவில்லை, அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். சட்டம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஆளை நம்பித்தானே நாங்கள் நகையை அடகு வைத்தோம்.

இந்த இடத்தில் கனடாக் கதை ஒன்று. பெரியம்மாவின் மகன், அண்ணை, ஸ்காபரோவில் ஒரு கோப்பிக் கடை வைத்திருக்கிறார், அதுவும் பிரான்சைஸ்தான். வாட்ஸ்அப்பில் இந்த வெட்டுக் கதையைச் சொன்னபோது, "என்னடா தம்பி, ஆரை இழுக்கலாம் எண்டு சட்டத்திலயே இல்லையோ அங்க?" என்று ஆச்சரியப்பட்டார். ஒன்ராறியோவில் 2000ஆம் ஆண்டில் பிரான்சைஸுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், ஆதர் விஷார்ட் சட்டம் என்று பெயர். கையெழுத்துக்கோ காசுக்கோ குறைந்தது 14 நாள் முன்பே விபரம் முழுவதும் எழுதிய ஆவணத்தைக் கொடுக்க வேண்டும். அதில் பொய் இருந்து நட்டம் வந்தால் யார் யார் மேல் வழக்குப் போடலாம் என்று வரிசையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்: பிரான்சைஸ் கொடுத்தவர், அவருடைய முகவர், தரகர், அவரோடு இணைந்த கம்பனி, அந்த ஆவணத்தில் கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும். கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும் என்பதை நான் இரண்டு தரம் கேட்டேன். ஆவணமே தராவிட்டால் இரண்டு வருடத்துக்குள் ஒப்பந்தத்தையே ரத்துச் செய்யலாம். அண்ணை தன்னுடைய ஆவணத்தைப் படம் எடுத்து அனுப்பினார், நூற்றுக்கணக்கான பக்கம். எங்கள் டிரெக்டர் கொண்டுவந்தது பன்னிரண்டு பக்கம், அதில் மூன்று பக்கம் போர்டின் கலர் எப்படி இருக்க வேண்டும் என்பது. பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இங்கே கிடையாது. பழைய ஒப்பந்தச் சட்டம், கம்பனிச் சட்டம், வர்த்தகக் குறிக்கு 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம், இவற்றைத் தைத்துத்தான் சட்டை போட வேண்டும். கொழும்பில் யாராவது இப்படி ஒரு சட்டத்தை எழுத உட்கார்ந்தால், யார் பதில் சொல்ல வேண்டும் என்ற அந்தப் பட்டியலை முதல் பக்கத்தில் போடுங்கள் என்பேன். மற்றதெல்லாம் பிறகு.

சரி, ஆறாவது பெயர்.

உப்புவெளிக் கடைக்காரன் சாம்பல்தீவுப் பக்கத்துப் பெடியன், கட்டாரில் ஆறு வருடம் நின்று உழைத்த காசோடு வந்தவன். ஐந்து வருடம் நாங்கள் முகம் பார்க்கவில்லை. பத்திரகாளி அம்மன் கோயிலில் எதிரே வந்தால் நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துவிடுவேன். அவனுடைய கடையும் 2022 மே மாதமே மூடியாயிற்று என்று தெரியும், தெரிந்தபோது கொஞ்சம் சந்தோஷப்பட்டதும் உண்மை. அக்கா அவனுடைய பெயரில் பேனையை வைக்காமல், "இவரிட்ட இருந்து உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். நான் பதில் தேடினேன். கடையை மூட வேண்டும் என்று தடைக் கட்டளை கேட்டிருந்தால் அவனைக் கட்டாயம் சேர்த்திருக்க வேண்டும், ஏனென்றால் அவன் இல்லாமல் அவன் கடையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கடை இல்லை. அவன் எங்களோடு ஒப்பந்தம் செய்யவில்லை. அவனிடமிருந்து ஒரு சதமும் கேட்க வழியில்லை. "அப்ப சும்மா கோவத்துக்கோ?" என்றார். மனைவி பக்கத்தில் இருந்து, "அந்தப் பெடியன் என்ன செய்தவன் இவருக்கு?" என்று சேர்த்துக்கொண்டாள். இரண்டு பெண்கள் ஒரு பக்கம் நின்றால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

ஜூலையில் ஒரு நாள் பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் என்னைக் கண்டதும் அவன் முகம் வெளிறிப்போனது. "என்னையும் வழக்கில போடப் போறீங்களோ அண்ணை?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றேன். தேத்தண்ணி வந்தது. கனநேரம் மழையைப் பற்றிக் கதைத்தோம். பிறகு அவனாகவே சொன்னான்: "நீங்கள் டவுன் கடையை மூடப் போறீங்கள், ஆள் கனடாக்குப் போறார், இனி ரிங்கோ முழுக்க உனக்குத்தான் எண்டுதான் எனக்குச் சொன்னவை. நான் உங்கட போர்டு இறங்கும் இறங்கும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்." எனக்குக் கொடுத்த டவுனையும் உப்புவெளியையும் அவனுக்கும் கொடுத்திருக்கிறார்கள், அதே சாமானை இரண்டு தரம் விற்ற கணக்கு. அவனுடைய ஒப்பந்தத்தைப் பார்க்கலாமா என்று கேட்டேன். உடனே ஒதுங்கிவிட்டான். அது மச்சானிடம் இருக்கிறது, மச்சான் வவுனியாவில் இருக்கிறார் என்றான். பயம்தான். நான் வற்புறுத்தவில்லை.

ஆக ஆறில் ஒன்று மிச்சம். புதிய கம்பனி. அதைச் சேர்க்கக் கேட்டு 2024 ஒக்டோபரில் மனுவும் என்னுடைய சத்தியக்கடதாசியும் போட்டோம், திருத்திய முறைப்பாட்டின் வரைவையும் இணைத்து. வழக்கு விளக்கத்தை, அதாவது சாட்சிகளை விசாரிக்கும் கட்டத்தை, நெருங்கினால் முறைப்பாட்டைத் திருத்துவது கஷ்டம், 1991இல் வந்த திருத்தச் சட்டத்துக்குப் பிறகு நீதிமன்றங்கள் அதில் இறுக்கமாக இருக்கின்றன, இப்போதே செய்ய வேண்டும் என்று அக்கா நெருக்கினார். ஒரு வகையில் எங்களுக்கு அதிர்ஷ்டம், எங்கள் ஒப்பந்தத்தில் நடுத்தீர்ப்பு வாசகம், அதாவது பிணக்கு வந்தால் நீதிமன்றம் போகாமல் நடுவரிடம் போக வேண்டும் என்ற வரி, இல்லை. இருந்திருந்தால், 1995ஆம் ஆண்டு நடுத்தீர்ப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி அவர்கள் எதிர்த்த நிமிடமே மாவட்ட நீதிமன்றத்துக்கு வழக்கைக் கேட்கும் அதிகாரம் போயிருக்கும், கையெழுத்துப் போடாத இரண்டாவது கம்பனியை நடுத்தீர்ப்பாளருக்கு முன் எப்படிக் கூட்டி வருவது என்பது அடுத்த தலையிடி. சாப்பாட்டு மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டதும் உதவியது. ஒப்பந்தம் செய்த இடத்து நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்பதால்தான் இது கொழும்பில் இல்லாமல் இங்கே நடக்கிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் இரவு ரயில்.

இனித்தான் உண்மையான பதற்றம். புதிதாகச் சேர்க்கப்படும் எதிராளிக்கு எதிரான நடவடிக்கை, பழைய வழக்கு எந்தத் திகதியில் தொடங்கியதோ அந்தத் திகதியிலிருந்து கணக்கில்லை. அழைப்பாணை அவர் கையில் சேர்ந்த பிறகுதான் அவருக்கு வழக்குத் தொடங்குகிறது. எழுத்திலான ஒப்பந்தத்துக்குக் கால எல்லை ஆறு வருடம், 1871ஆம் ஆண்டுச் சட்டம். உப்புவெளிக் கடை திறந்தது 2019 மார்ச் 16. ஆக 2025 மார்ச் 16க்குள் புதிய கம்பனியின் கையில் கடதாசி போய்ச் சேர வேண்டும். மனுவுக்கு ஆட்சேபணை போட இரண்டு தவணை எடுத்தார்கள். நீதிமன்றம் சேர்க்கச் சொல்லிக் கட்டளை தந்தது 2025 ஜனவரி கடைசியில், பிந்தி வந்ததற்கு 20,000 ரூபா செலவுத்தொகையும் எங்கள் தலையில். கட்டினேன். அதற்கும் துண்டு ரின்னுக்குள் இருக்கிறது.

பெப்ரவரி நடுவில், அழைப்பாணையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பிக்கும் நீதிமன்ற அலுவலரான பிஸ்கலின் அறிக்கை வந்தது: கொடுத்த முகவரியில் அப்படி ஒரு கம்பனி இல்லை.

நீதிமன்ற வாசலில், மர நிழலில் படுத்திருந்த மான் ஒன்றைப் பார்த்துக்கொண்டு அரை மணித்தியாலம் நின்றேன். எங்கள் ஊரில் மான்கள் கோட்டைக்குள் மட்டும் இல்லை, ரோட்டிலும் திரியும், அவற்றுக்குத் தவணையும் கிடையாது காலாவதியும் கிடையாது. அப்புறம் அக்காவின் உதவியாள் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் காசு கட்டிப் பதிவுப் பிரதியை எடுத்தார், பதிவு செய்த காரியாலயத்தின் முகவரி நான்கு மாதத்துக்கு முன்புதான் மாறியிருந்தது. சட்டப்படி கம்பனிக்குக் கடதாசி சேர்ப்பிக்கும் இடம் அதுதான். புது அழைப்பாணை எடுத்து, மார்ச் 4ஆம் திகதி சேர்ப்பித்தாயிற்று. பன்னிரண்டு நாள் மிச்சம். அன்று மனைவி அம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள், நான் வழக்கமாக இதற்கெல்லாம் போகாதவன், பின்னால் நின்றேன்.

இப்போது புதிய கம்பனியின் மறுமொழியும் வந்துவிட்டது. அதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது, ஒத்துக்கொள்ள வேண்டும். எங்களோடு வழக்காளிக்கு எழுத்தில் ஒப்பந்தமே இல்லை, இருந்ததென்றால் வாய்மொழி, வாய்மொழிக்கு எல்லை மூன்று வருடம், அது 2022லேயே முடிந்தது என்கிறார்கள். நாங்கள் சொல்வது, நீங்கள் ஏற்றுக்கொண்டது அந்த எழுத்திலான ஒப்பந்தத்தைத்தான், அதன்படிதான் நூற்றுக்கு 6 வாங்கினீர்கள், வாங்கும்போது எழுத்து, கொடுக்கும்போது வாய்மொழியா என்று. அதை விளக்கத்தில்தான் தீர்க்க முடியும். சேர்த்தது சரி, வெல்வது வேறு. இரண்டு கம்பனிக்கும் தனித்தனி லோயர், ஒருவர் வந்தால் மற்றவர் தவணை கேட்பார். எதிராளி ஒன்று கூடினால் தவணை இரண்டு மடங்கு என்று யாராவது முதலில் சொல்லியிருந்தால், கலண்டர் தாளில் ஆறு பெயர் எழுதியிருக்கவே மாட்டேன்.

போன மாதம் அந்தப் பெடியன் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஒரு பொலித்தீன் பையில் அவனுடைய ஒப்பந்தம். மச்சான் வவுனியாவிலிருந்து வந்தாராம், அல்லது மச்சான் என்று ஒருவர் இல்லவே இல்லை, நான் கேட்கவில்லை. மனைவி அவனுக்கும் வடை போட்டாள். திகதி 2019 பெப்ரவரி 11, அதாவது பழைய கம்பனி தன்னுடைய மறுமொழியில் "எல்லாவற்றையும் கைமாற்றிவிட்டோம்" என்று சத்தியம் பண்ணிச் சொல்லும் 2018 டிசம்பர் 31க்கு ஆறு கிழமை பிந்தி. கடைசிப் பக்கத்தில் அதே டிரெக்டரின் அதே வளைந்த கையெழுத்து. அதன் கீழே கம்பனி முத்திரை, ஊதா மையில், கொஞ்சம் சரிந்து குத்தியது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன், பிறகு அவளிடம் கொடுத்தேன், அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

நடுவில் அந்தச் சொல் இல்லை.

பிரதி இப்போது எங்கள் ஆவணப் பட்டியலில் ஏறிவிட்டது, பெடியனின் பெயர் சாட்சிப் பட்டியலில். அப்படியென்றால் புதிய கம்பனியைச் சேர்த்தது வீணா, அந்த 20,000 வீணா என்று அக்காவிடம் கேட்டேன். பழைய முத்திரையைப் புதிய கம்பனிக்காரர் அவசரத்தில் குத்தினார்கள் என்று நாளைக்குச் சொல்லுவார்கள், சொல்லும்போது அதே மண்டபத்தில் பழைய கம்பனியின் லோயரும் இருப்பார், இரண்டு பேரும் ஆளையாள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அடுத்த தவணை ஒரு செவ்வாய்க்கிழமை. பெடியன் தன்னுடைய மோட்டார் சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறான்.